விலங்குக் காப்பகத்துக்கு எந்தப் பணம் ஏற்றது? நிதிநல்கை வழிகள் ஓர் ஒப்பீடு

மாவட்டத் தலைநகர் ஒன்றின் புறநகரில் நூற்றிருபது நாய்களையும், சாலையில் அடிபட்டு வந்த சில மாடுகளையும் வைத்துப் பராமரிக்கும் ஓர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் வந்து போகும் கால்நடை மருத்துவர் ஒருவர், கூண்டு கழுவிச் சோறு வைக்கும் நான்கு பணியாளர்கள், பழைய ஆம்புலன்ஸ் ஒன்று, வாடகை நிலத்தில் போட்ட தகரக் கொட்டகை: தமிழ்நாட்டின் பல ஊர்களில் விலங்கு நலப் பணி இந்த அளவில்தான் நடக்கிறது. அறங்காவலர்களின் கைப்பணத்தில் தொடங்கிய பணி அவர்களுடைய வருமானத்தைத் தாண்டி வளர்ந்துவிட்ட கட்டத்தில், யாரிடம் நிதி கேட்பது என்ற கேள்வி எழுகிறது. ஒன்றிய அரசின் இந்திய விலங்கு நல வாரியம், மாநில அரசின் உதவி, உள்ளாட்சி அமைப்பின் கருத்தடை ஒப்பந்தம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியான சி.எஸ்.ஆர்., வெளிநாட்டு அறநிதியங்கள், தனிநபர் நன்கொடை என்று வழிகள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கும் ஆள்பலம் இத்தகைய அமைப்புகளுக்கு இருப்பதில்லை. எதை முதலில் நாடுவது, எதைத் தள்ளிவைப்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

பெரும்பாலும் இந்த முடிவு தொகையின் அளவைப் பார்த்து எடுக்கப்படுகிறது. சில காப்பகங்களின் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்த்துக் கொடுத்துவருபவன் என்ற முறையில் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு நிதி எந்தச் செலவைச் சுமக்கச் சம்மதிக்கிறது, எத்தனை காலம் சுமக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காப்பகத்தின் செலவுகளில் முடிகிற செலவு உண்டு, முடியாத செலவும் உண்டு. கூண்டு கட்டுவது, வண்டி வாங்குவது, அறுவைக்கூடம் அமைப்பது ஆகியவை ஒருமுறை செய்தால் முடிந்துவிடும். குருணை அரிசி, கோழிக்கடைக் கழிவு, டீசல், பிளீச்சிங் பவுடர், தடுப்பூசி, பணியாளர் சம்பளம் ஆகியவை முடிவதே இல்லை.

லாரியில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்த நாய் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தூக்கிவந்த வண்டிக்கும், எக்ஸ்ரேக்கும், முதல் வாரத்துச் சிகிச்சைக்கும் பணம் தர ஊரில் ஆள் இருக்கிறார்கள்; படம் போட்டுக் கேட்டால் இரண்டே நாளில் சேர்ந்துவிடும். நாய் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் பின்னங்கால்கள் எழவில்லை. இனி நாள்தோறும் இருமுறை அதன் சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்ற வேண்டும்; தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த தொடைப் புண்ணைக் கழுவி மருந்திட வேண்டும்; ஈரத் துணியை மாற்ற வேண்டும். ஒரு நாய்க்கு உணவும் பராமரிப்பும் சேர்த்து நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று குறைவாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 14,600 ரூபாய். எட்டு ஆண்டு வாழ்ந்தால் 1,16,800 ரூபாய். இந்த எட்டு ஆண்டுகளுக்கு நிதிநல்கை தரும் அமைப்பு ஒன்றையும் நான் கண்டதில்லை. நூற்றிருபது உயிர்களுக்கு அதே கணக்கில் மாதம் 1,44,000 ரூபாய் ஆகிறது. சம்பளம், மருந்து, வாடகை, எரிபொருள் சேர்ந்தால் இரண்டரை லட்சத்தை எட்டும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

அரசு மானியங்கள்

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி 1962இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்துக்கு ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்தார். பல பத்தாண்டுகள் அதன் தலைமையகம் சென்னையில் இருந்ததால், தமிழ்நாட்டுக் காப்பகத்தார் திருவான்மியூருக்கு நேரில் போய்ச் சந்தேகம் கேட்டு, விடுபட்ட தாளைக் கொடுத்துவிட்டு வர முடிந்தது. 2018இல் அலுவலகம் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது. பெரிய அமைப்புகளுக்கு இந்த மாற்றத்தால் பெரிய இடையூறு இல்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் கடிதப் போக்குவரத்து நடத்த ஆளில்லாத சிறு காப்பகங்களுக்கு இது உண்மையான தடை.

வாரியத்தின் உதவி பெற முதலில் அதன் அங்கீகாரம் வேண்டும். ஒன்றிய அரசின் மானியம் என்பதால் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிவும், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும் கேட்கப்படும். பணம் வந்த பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணைக்கோ அடுத்த விண்ணப்பத்துக்கோ வழி பிறக்கும். உணவு, மருந்து போன்றவற்றுக்கான வழக்கமான மானியம், காப்பகக் கட்டடம், ஆம்புலன்ஸ், தெருநாய்க் கருத்தடை, இயற்கைப் பேரிடர் என்று உதவிகள் தனித்தனித் திட்டங்களாக இருக்கின்றன. இவற்றில் வழக்கமான மானியம் ஒன்றுதான் அன்றாடச் செலவைத் தொடுகிறது. அதுவும் விலங்குகளின் எண்ணிக்கையையும் வாரியத்திடம் அந்த ஆண்டு இருக்கும் நிதியையும் பொறுத்தது. அதை நம்பிச் சம்பளம் நிர்ணயிக்க முடியாது. கட்டட மானியத்துக்கு நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும் அல்லது நீண்டகாலக் குத்தகை இருக்க வேண்டும் என்பதால், வாடகை நிலத்தில் இருப்பவர்கள் அதைத் தேடி அலைவதில் பொருளில்லை. அரசுப் பணத்தில் வாங்கிய வண்டியையோ கட்டடத்தையோ முன் அனுமதியின்றி விற்கவோ வேறு பணிக்கு மாற்றவோ கூடாது என்பதையும் அறங்காவலர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

மாநில அளவில், 2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்த வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் திட்டம் குறிப்பிடத்தக்கது. கைவிடப்பட்ட, காயமுற்ற விலங்குகளைப் பேணும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ அதில் 20 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. தமிழில் விண்ணப்பம் எழுதி, மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் நேரில் பேசக்கூடிய வழி என்ற ஒரே காரணத்துக்காகவே சிறு அமைப்புகள் இதை வாரியத்துக்கு முன்னால் வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆய்வுக்கு வருபவர் உள்ளூர்க் கால்நடை மருத்துவராக இருக்கும்போது, காப்பகத்தின் உண்மை நிலை தாளில் உள்ளதைவிடத் தெளிவாக அவருக்குத் தெரிந்திருக்கும். ஒழுங்காக நடக்கும் காப்பகத்துக்கு அது நன்மையே செய்யும்.

கருத்தடை ஒப்பந்தம்

உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்து வரும் பணத்தைப் பலர் நிதிநல்கை என்றே குறிப்பிடுகிறார்கள். உண்மையில் அது செய்த வேலைக்குக் கிடைக்கும் கூலி. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்பந்தத்தில் இறங்கிய அமைப்புகள்தாம் அதிகம் அடிபட்டிருக்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது என்ற முறை இந்தியாவில் வேரூன்றியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, 1996இல் சென்னை மாநகராட்சி இந்த முறையை ஏற்றது. 2001இல் ஒன்றிய அரசு விதிகளை வகுத்தது; அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச் 10 அன்று புதிய விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி பொறுப்பு உள்ளாட்சி அமைப்புடையது. பணியைச் செய்யும் விலங்கு நல அமைப்பு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அறுவைக்கூடம், போதிய கூண்டுகள், கண்காணிப்புக் கேமரா, ஒவ்வொரு நாய்க்கும் பிடித்த இடம் முதல் விட்ட இடம் வரை பதிவேடு ஆகியவை இருக்க வேண்டும். அகற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து, எண்ணிச் சரிபார்த்த பிறகே பணம் கணக்கிடப்படும்.

ஒரு நாய்க்கு 1,650 ரூபாய் என்பது தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் வழக்கத்துக்கு வந்த தொகைகளுள் ஒன்று. அதை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் நாயை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிடித்த நாளும் அறுவைக்கு முன் பட்டினி போடும் இரவும் சேர்ந்தால் ஒரு கூண்டு ஆறு நாள் பிடிபடும். முப்பது கூண்டு இருந்தால், ஒன்றுகூடக் காலியாகக் கிடக்காத மாதத்தில் 150 நாய்கள். வருமானம் 2,47,500 ரூபாய். அதற்குள் அறுவை தெரிந்த முழுநேர மருத்துவர், உதவியாளர், வலை வீசத் தெரிந்த பிடிப்பாளர்கள், வண்டி, மயக்க மருந்து, தையல் நூல், ஆன்டிபயாடிக், தடுப்பூசி, உணவு எல்லாம் அடங்க வேண்டும். மழைக்காலத்தில் பிடிபடும் நாய்கள் குறையும்; கூண்டில் ஒரு நாய்க்குக் கழிச்சல் நோய் வந்துவிட்டால் இரண்டு வாரம் புதிய நாய்களைச் சேர்க்க முடியாது. சம்பளம் அந்த இரண்டு வாரத்துக்கும் கொடுத்தாக வேண்டும். பட்டியல் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், கையிருப்பு இல்லாத அமைப்பு மருந்துக் கடையில் கடன் சொல்லத் தொடங்கும். கடன் ஏறும்போது நான்கு நாள் மூன்றாகிறது, வலி மருந்து ஒரு வேளை குறைகிறது. விலங்குக்காகத் தொடங்கிய அமைப்பு விலங்குக்குத் தீங்கு செய்யும் நிலைக்குத் தள்ளப்படுவது இந்த வழியில்தான். தொகை கையைக் கடிக்கும் என்று தெரிந்தால் ஒப்பந்தப் புள்ளியே போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வரி தொடர்பாக ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆடிட்டர்கள் பலர் இதைத் தாமதமாகவே சொல்கிறார்கள். விலங்கு நலம் போன்ற பணிகள் வருமான வரிச் சட்டத்தில் பெரும்பாலும் 'பொதுப் பயன் தரும் பிற நோக்கங்கள்' என்ற வகையில் வைக்கப்படுகின்றன. அந்த வகை அறக்கட்டளை கட்டணம் பெற்று வணிகத் தன்மையுள்ள சேவை செய்தால், அந்த வருவாய் மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டின் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும். அடக்க விலைக்கோ அதற்குச் சற்று மேலாகவோ பெறும் கட்டணத்தை வணிகமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பது ஆறுதல் தருகிறது. என்றாலும் அடக்கச் செலவு எவ்வளவு என்பதைக் காட்டும் தனிக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு முப்பது லட்சம் கருத்தடை ஒப்பந்தத்திலும் பத்து லட்சம் நன்கொடையிலும் பெறும் அமைப்பு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

2025இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளுக்குப் பிறகு இந்த வழியின் தன்மையே மாறியிருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோயோ மூர்க்கமோ உள்ளவை நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று ஆகஸ்ட் 22 ஆணை கூறியது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது, காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும் என்று நவம்பர் 7 ஆணை கூறியது. உள்ளாட்சிகள் இப்போது காப்பகங்களைத் தேடி வருவதற்கு இது முக்கியக் காரணம். மாநகராட்சியிலிருந்து அழைப்பு வருவது அங்கீகாரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மருத்துவமனை வளாகத்திலிருந்து இருபது நாய்கள் வந்தால் அவை வாழ்நாள் முழுவதும் நம் பொறுப்பு. மேலே சொன்ன 40 ரூபாய்க் கணக்கில் அந்த இருபதுக்கும் ஆண்டுக்கு 2,92,000 ரூபாய். அறுவைக்கான 1,650 ரூபாயில் இது அடங்காது. ஆகவே நாள் கணக்கில், உயிர் கணக்கில், ஆண்டுதோறும் உயர்த்தும் நிபந்தனையுடன் பராமரிப்புத் தொகை எழுத்தில் வராதவரை இத்தகைய நாய்களை ஏற்க அறங்காவலர் குழு ஒப்பக் கூடாது. கருணையால் ஏற்றுக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் நூற்றிருபதின் சோற்றைக் குறைப்பது யாருக்கும் நன்மை தராது.

சி.எஸ்.ஆர். நிதி

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்று வரம்புகளில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதற்கு ஏற்ற பணிகளைப் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் விலங்கு நலம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளது. 'எங்கள் கொள்கை கல்வி, சுகாதாரம் மட்டுமே' என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது அவர்களுடைய தேர்வு, சட்டம் தடுக்கவில்லை. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால் ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் ஆகிய இடங்களை ஒட்டிய காப்பகங்களுக்கு இந்த வழி எளிது. தொழிற்சாலை இல்லாத மாவட்டத்தில் கடினம்.

நிதி பெறும் அமைப்பு, வருமான வரிச் சட்டத்தின்கீழ் அமைப்புக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஆகிய பதிவுகளுடன், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே கருவி, சூரிய மின்தகடு, கூண்டு வரிசை போன்ற நிலையான சொத்துகளை இந்தப் பதிவு எண் உள்ள பொது அறக்கட்டளையின் பெயரில் வாங்கித் தர விதிகள் இடம் தருகின்றன. முடிகிற செலவுக்கு இதைவிடப் பொருத்தமான பணம் இல்லை. அன்றாடச் செலவுக்கு இதை நம்புவது ஆபத்து. நிறுவனத்தின் திட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கானவை; தொடர் திட்டம் என்று வகுத்தாலும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளே. ஒரு மேலாளர் மாறிச் சென்றால் முன்னுரிமையும் மாறிவிடும்.

நிதியாண்டு முடியும் சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், செலவிடாமல் எஞ்சிய தொகையை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் அமைப்புகளைத் தேடுவது உண்டு. தொடர் திட்டத்தில் சேராத எஞ்சிய தொகையை ஆண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் உள்ள அரசு நிதியம் ஒன்றுக்குச் செலுத்த வேண்டும் என்பதால் அந்த அவசரம். பிப்ரவரியில் தொலைபேசியில் வரும் அழைப்புக்குச் சரியான விடை, ஏற்கெனவே விலைப்புள்ளி வாங்கி வைத்துள்ள ஒரு திட்ட அறிக்கை. மூன்று விலைப்புள்ளிகளுடன் ஆம்புலன்ஸ் ஒன்று, கட்டட வரைபடத்துடன் நோய்த் தனிமைக் கூண்டுகள் என இரண்டு அறிக்கைகளை ஆண்டு முழுவதும் ஆயத்தமாக வைத்திருக்கும் காப்பகம் அந்த மூன்று மாதங்களில் பயனடையும். ஆயத்தமில்லாதது, நிறுவனம் விரும்பும் ஏதோ ஒன்றைச் செய்ய ஒப்புக்கொள்ளும். பெரும்பாலும் அது இன்னும் ஐம்பது நாய்களைச் சேர்க்கச் சொல்வதாக இருக்கும். கூண்டுக்கான பணம் முடிந்த பிறகு அந்த ஐம்பதுக்கும் சோறு யார் பொறுப்பு என்பதை அதே உடன்படிக்கையில் எழுதிக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு நிதி

வெளிநாட்டு அறநிதியங்களின் தொகை பெரிது. அதனால் இவ்வழியின் மேல் ஆசையும் பெரிது. சட்டப்பூர்வமாக அதைப் பெற, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின்கீழ் உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கப் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட காப்பகம் இந்த வரம்பை எளிதில் தாண்டும். பணம் முதலில் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மருத்துவமனையில் சிகிச்சை செய்யும் மருத்துவரின் சம்பளத்தைப் போன்றவை அந்த வரம்பில் சேர்வதில்லை என்பதால் காப்பகங்களுக்கு இது பெரிய இடர் இல்லை. ஆண்டறிக்கையை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

சிறு அமைப்புகளை உண்மையில் பாதித்தது 2020 செப்டம்பரில் வந்த திருத்தம். அதற்கு முன், பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்று, பதிவு பெற்ற ஊரகச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்க முடிந்தது. இப்போது பெற்றவர் அதை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தர முடியாது. ஒவ்வொரு சிறு காப்பகமும் தானே வெளிநாட்டு நிதியத்தோடு பேசி, தானே விண்ணப்பம் எழுதி, தானே அறிக்கை தர வேண்டும். முழுப் பதிவுக்குப் பதிலாக, குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி பெறும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. கையில் உறுதிக் கடிதம் உள்ளவருக்கு அது பொருந்தும். கொடையாளர் யாரென்றே தெரியாமல் பதிவுக்கு அலைவதைவிட அது அறிவுடைமை.

அந்த நிதியங்கள் எதற்குத் தருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். உலக அளவில் விலங்கு நலத்துக்குப் பெருந்தொகை வழங்கும் நிதியங்களில் ஒரு பிரிவு, செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை விலங்குகளின் துன்பம் குறைகிறது என்று கணக்கிட்டுத் தேர்வு செய்கிறது. 2012இல் தொடங்கிய அனிமல் சாரிட்டி இவாலுவேட்டர்ஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் இந்தப் பார்வையைப் பரப்பின. அந்தக் கணக்கில் பண்ணைக் கோழியும் மீனும் முன்னால் நிற்கின்றன. நாய்க் காப்பகம் பின்னால் போய்விடுகிறது. நாமக்கல்லில் கூண்டுக் கோழிகளின் நிலையை மாற்றப் பணியாற்ற விரும்பும் அமைப்புக்கு அங்கே காது கொடுத்துக் கேட்பார்கள்; அதே நாமக்கல்லில் நூறு தெருநாய்களுக்குச் சோறு போடும் அமைப்புக்கு அநேகமாக மறுப்பே வரும். இதை அநீதி என்று நான் சொல்லமாட்டேன். கம்பிக் கூண்டில் சிறகு விரிக்க இடமின்றி வாழ்நாளைக் கழிக்கும் கோழியின் துன்பம் உண்மையானது. அதைப் பற்றிப் பேச நம்மிடையே ஆள் குறைவு. ஆனால் நிதி கிடைக்கிறது என்பதற்காக நாய்க் காப்பகம் ஒன்று தன்னைக் கோழி நல அமைப்பாகக் காட்டிக்கொள்வது இரண்டு பணிகளையும் கெடுக்கும்.

நாய்களுக்காகவே இயங்கும் வெளிநாட்டு அமைப்புகளும் உண்டு. அவற்றின் ஆர்வம் வெறிநோய் ஒழிப்பிலும் கருத்தடைப் பயிற்சியிலும் குவிந்திருக்கிறது. உதகமண்டலத்தில் வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் நடத்தும் பயிற்சி மையத்தில் கால்நடை மருத்துவர்கள் கருத்தடை அறுவையை நேரடியாகப் பயில்கிறார்கள். நம் காப்பக மருத்துவரை அங்கே அனுப்புவது, பணமாகக் கைக்கு வராவிட்டாலும், அறுவைக்குப் பின் தையல் பிரிந்து மீண்டும் மேசைக்கு வரும் நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். என் மதிப்பில் அது ஒரு நிதிநல்கைக்கு ஈடு.

வெளிநாடுவாழ் தமிழர்களின் நன்கொடை இந்தச் சட்டத்தோடு முட்டும் இடம் ஒன்று உண்டு. பல காப்பகங்கள் இதில் கவனம் தவறுகின்றன. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடா, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையை அவர் வைத்திருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது. அன்போடு அனுப்பப்பட்ட ஐயாயிரம் ரூபாய் அமைப்பையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். கடல்கடந்து வரும் ஒவ்வொரு நன்கொடைக்கும் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தனிநபர் நன்கொடை

மேற்கண்ட எந்த வழியும் முதுகெலும்பு முறிந்த அந்த நாயின் எட்டு ஆண்டுகளைச் சுமக்கவில்லை. அதைச் சுமக்கக்கூடியது மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு நன்கொடை ஒன்றுதான். மாதம் 500 ரூபாய் தரும் முந்நூறு பேர் இருந்தால் 1,50,000 ரூபாய்; நூற்றிருபது நாய்களின் உணவுக்கும் பராமரிப்புக்கும் வேண்டிய 1,44,000 ரூபாய் அதில் அடங்கிவிடுகிறது. யு.பி.ஐ. தானியங்கிக் கட்டளை வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் நினைவூட்டிக் கேட்கும் சங்கடமும் குறைந்திருக்கிறது. முந்நூறு பேரைச் சேர்க்க இரண்டு ஆண்டு ஆகலாம். அந்த உழைப்பை ஒரு பெரிய விண்ணப்பத்துக்குச் செலவிட்டால் வேகமாகப் பலன் கிடைக்குமே என்ற வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விண்ணப்பம் தோற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. முந்நூறில் ஐம்பது பேர் விலகினாலும் இருநூற்றைம்பது பேர் இருப்பார்கள்.

80ஜி சான்று கொடுத்தால் நன்கொடை பெருகும் என்பது முன்பு உண்மையாக இருந்தது. (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், எல்லோரும் அறிந்த பெயர் என்பதால் அதையே பயன்படுத்துகிறேன்.) கொடுத்த தொகையில் பாதியை, மொத்த வருமானத்தை ஒட்டிய வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை பழைய வரிமுறையில் உள்ளவர்களுக்கே உரியது. 2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பானதாக ஆகிவிட்டதால் மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஆகவே வரியை முன்வைத்துக் கேட்பதைவிட, எந்த விலங்குக்கு எவ்வளவு செலவானது என்ற மாதக் கணக்கை முன்வைத்துக் கேட்பது நிலையான பலன் தருகிறது. கொட்டகைக்குள் எடுத்த பத்துப் படங்களோடு, அரிசி இத்தனை மூட்டை, மருந்து இவ்வளவு, இந்த மாதம் இறந்தவை இத்தனை என்று எழுதும் காப்பகத்தை மக்கள் விட்டுப் போவதில்லை. இறந்தவற்றின் எண்ணிக்கையை மறைக்காமல் சொல்வது நம்பிக்கையை வளர்க்கிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

கடைகளில் உண்டியல் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார் தந்தது என்று தெரியாத நன்கொடை, ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு அறக்கட்டளை 30 விழுக்காடு வரி கட்ட வேண்டும். மளிகைக்கடை உண்டியல் இரண்டு மூன்று இருந்தால் கவலையில்லை; நகரெங்கும் ஐம்பது உண்டியல் வைக்கும் திட்டம் இருந்தால், உண்டியலோடு பெயரும் தொகையும் எழுதும் சிறு நோட்டு ஒன்றையும் வைக்கச் சொல்ல வேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட காப்பகத்துக்கு இந்த ஆண்டு நான் சொல்லக்கூடிய வரிசை இது. 12ஏ, 80ஜி பதிவுகள் இல்லையென்றால் அவையே முதல் வேலை. அவை இல்லாமல் சி.எஸ்.ஆர்.-1 எண் கிடைக்காது. அவற்றுக்கான காத்திருப்பிலேயே மாத நன்கொடையாளர்களைச் சேர்க்கத் தொடங்கலாம், வாரிய அங்கீகாரத்துக்கும் தர்பண் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். நூறு மாத நன்கொடையாளர் சேர்ந்த பிறகு, ஆம்புலன்ஸ் ஒன்றுக்கு மட்டும் சி.எஸ்.ஆர். விண்ணப்பம். நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை அமைந்த பிறகே கட்டட மானியம். கருத்தடை ஒப்பந்தத்தை, மூன்று மாதச் சம்பளமும் மருந்துச் செலவும் வங்கியில் கையிருப்பாகச் சேர்ந்த பிறகு எடுக்கலாம். அதற்கு முன் மாநகராட்சி அழைத்தாலும் மறுத்துவிடுவதே நன்று. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவை, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் தனிக் கணக்கு வைக்கவும் முழுநேர ஆள் ஒருவர் அமையும்வரை தள்ளிப்போடலாம். தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் காப்பகமானால் சி.எஸ்.ஆர். இன்னும் முன்னால் வரலாம்; மாடுகளையே மிகுதியாகப் பராமரிக்கும் இடமானால் தீவனச் செலவு பன்மடங்கு என்பதால் மாத நன்கொடையாளர் எண்ணிக்கையை முந்நூறிலிருந்து மேலே உயர்த்திக் கணக்கிட வேண்டும். எந்த வரிசையை எடுத்தாலும், புதிதாக ஒரு விலங்கைச் சேர்க்கும் முன் அதன் மாதச் செலவு எந்த வரவிலிருந்து வரும் என்று சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கட்டம் போட்டு எழுதி, அதில் அறங்காவலர் ஒருவர் கையெழுத்திடும் வழக்கத்தை இந்த மாதமே தொடங்கிவிடலாம். அதற்கு எவருடைய நிதிநல்கையும் தேவையில்லை.